படகுக் கூரையும் கால்பைசாகியும்

கோடை விடுமுறையில் கொல்கத்தாவிலிருந்து பூரிக்குப் போகும் நம் குடும்பங்கள் சிலிகா ஏரியையும் பார்த்துவிட்டு வருவது வழக்கம். நாங்களும் ஒரு சித்திரையில் போனோம். இரண்டு மிதவைக் குழாய்களின் மேல் பலகைத் தளம் போட்ட படகு. குழாய்ச் சட்டத்தில் கேன்வாஸ் கூரை. மாலை நான்கு மணிக்கு வடமேற்கே வானம் கறுத்தது. "கூரைதான் இருக்கிறதே" என்று எல்லோரும் அதன்கீழ் ஒண்டினோம். காற்று அடியில் புகுந்ததும் முன்கயிறு அறுந்தது. சட்டம் அப்படியே பின்னால் சாய்ந்து, என் பேத்திக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. முப்பது வருஷம் பொறியாளனாக இருந்த நான், ஏறும்போது அந்தக் கயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 36 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரைச் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும், 72 கி.மீ. என்றால் 24 கிலோ. 3 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளமுள்ள கூரையின் அடியில் அந்தக் காற்று முழுவதும் சிக்கிக்கொண்டால் ஏறக்குறைய 360 கிலோ! கால்பைசாகிக்கு இந்த வேகம் பெரிதல்ல.

ஆகவே ஏறுமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. சட்டத்தின் கால்கள் தளத்தோடோ பக்கக் கம்பியோடோ போல்ட் போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். வெறும் கயிற்றுக் கட்டு போதாது. ஒரு காலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

2. முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு இழுப்புப் பட்டைகள் சாய்வாக இறங்கி, விறைப்பாக இருக்க வேண்டும். நைலான் நனைந்தால் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவாக நீளாது. வெயிலில் வெளுத்து நார் பிரிந்த பட்டையை நம்பக்கூடாது.

3. துணி தொய்ந்திருந்தால் மழைநீர் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. தண்ணீர் நின்றாலே 50 கிலோ. அந்தப் பாரம் உச்சியில் இருந்தால் படகு தள்ளாடும்.

4. "கூரையை மடக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று படகோட்டியிடம் கேளுங்கள். மடக்க முடியாத கூரையென்றால், மதியத்துக்குமேல் அந்தப் படகில் ஏற வேண்டாம்.

வானம் கறுத்தால், காற்று வருமுன்பே கூரையை மடக்கச் சொல்லுங்கள். காற்று பிடித்தபின் கை வைத்தால் ஆளையே இழுத்துவிடும். மடக்கிய துணியைச் சட்டத்தோடு சுற்றி இறுகக் கட்ட வேண்டும். ஒரு முனை அவிழ்ந்தாலும் மறுபடி காற்றை வாங்கும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டோடு தளத்தின் நடுவே தாழ உட்கார்ந்து, படகைக் கரைக்குத் திருப்பச் சொல்லுங்கள்.

படகின் கூரை வெயிலுக்குப் பிடிக்கும் குடை. புயலில் நாமே குடையை மடக்கிவிடுவோம் அல்லவா? நனைந்தால் கரையேறித் தலையைத் துவட்டிக்கொள்ளலாம்.