ஊசியால் பிள்ளை பிறக்காது

டெஸ்டோஸ்டிரோன் ஆணின் விதைகளில் சுரக்கும் ஹார்மோன். 1935-இல் அது ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டது. அப்பணியோடு தொடர்புடைய புடெனாண்ட், ருசிக்கா இருவருக்கும் 1939-இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கூடுதல் எக்ஸ் குரோமோசோமுடன் பிறந்த கிளைன்ஃபெல்டர் நோயாளிகள், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தவர்கள், பொன்னுக்கு வீங்கியாலோ விபத்தாலோ புற்றுநோய்ச் சிகிச்சையாலோ விதைகள் கெட்டவர்கள் ஆகியோருக்கு அது இன்றியமையாத மருந்து. திருநம்பிகளும் மருத்துவ மேற்பார்வையில் அதைப் பெறுகிறார்கள்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஓயாமல் காதில் விழும் பேச்சோ வேறு. கல்யாணமாகி இரண்டு மூன்று ஆண்டாகியும் குழந்தை இல்லையா, கணவனுக்கு 'ஆண்மை ஊசி' எனப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி நாலு போட்டால் உயிரணு பெருகிவிடும் என்பது அந்தப் பேச்சு. இது வெறும் தவறு அல்ல, உண்மைக்கு நேர் எதிரானது. இந்த ஊசி உயிரணுவைப் பெருக்காது, அழிக்கும்.

உயிரணு உற்பத்திக்கு ஆணையிடுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருப்பதாகத் தெரிந்தால் அது ஆணையை நிறுத்திவிடும். வயலில் மழைநீர் தேங்கியதும் வீராணம் ஏரி மடையை அடைத்துவிடுவதைப் போன்றது இது. உயிரணு உருவாக, விதைக்குள் இந்த ஹார்மோன் இரத்தத்தில் உள்ளதைவிடப் பல பத்து மடங்கு இருக்க வேண்டும். அந்த அளவை விதை தானே சுரந்துகொள்ள வேண்டும். தோளிலோ இடுப்பிலோ போடும் ஊசியால் அதை எட்ட முடியாது. ஆணை நின்றதும் விதை சுரப்பதை விட்டுவிடுகிறது, சுருங்கவும் செய்கிறது.

இந்த மருந்தை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. 1990-இல் வெளியான அந்த ஆய்வில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது. 157 பேரின் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாமல் போனது. அந்நிலையில் ஓராண்டுக் கண்காணிப்பைத் தொடர்ந்தவர்களின் மனைவியரில் கருவுற்றவர் ஒரே ஒருவர். கருத்தடை மருந்தைப் பிள்ளை வரத்துக்காகப் போட்டுக்கொள்வதை என்னவென்று சொல்வது? நிறுத்தினால் பெரும்பாலோர்க்கு உயிரணு திரும்பும். ஆனால் ஆறு மாதம் ஆகலாம், சிலருக்கு இரண்டு ஆண்டும் ஆகலாம். உடற்பயிற்சிக் கூடங்களில் தசைக்காக அளவின்றிப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கும் இதே கதிதான்.

இந்த ஊசியைப் பற்றிய மற்ற நம்பிக்கைகள் இவ்வளவு கேடானவை அல்ல. மாரடைப்பு நிச்சயம் என்ற பயம் மிகையானது. 2023-இல் வெளியான டிராவர்ஸ் ஆய்வில், ஹார்மோன் குறைவும் இதய நோய் அபாயமும் உள்ள 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தக் கட்டியும் சற்றே கூடின. புராஸ்டேட் புற்றுநோயை இது புதிதாக உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. ஏற்கெனவே அந்நோய் இருப்பவருக்குப் பொதுவாகத் தரப்படுவதில்லை. களைப்பெல்லாம் ஹார்மோன் குறைவு என்பதும் பிழை. இரு வேறு காலைகளில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனை இரண்டிலும் அளவு குறைந்திருந்தால்தான் சிகிச்சை. சிகிச்சையிலும் இரத்தம் தடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோகிரிட் 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும்.

இது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத எச் அட்டவணை மருந்து. பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அப்படியிருந்தும் பேருந்து நிலையச் சுவர்களில் அந்தச் சுவரொட்டிகள் மழையில் நனைந்து வெளிறும்வரை ஒட்டியிருக்கின்றன. அவற்றைக் கிழித்தெறிய வேண்டிய பொறுப்பு அதிகாரிகளுடையது.

உயிரணு குறைந்தவருக்கு வேறு வழிகள் உண்டு. பிட்யூட்டரி ஆணை குறைவானால் எச்.சி.ஜி., எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஊசிகள், விதையின் இரத்தநாளங்கள் புடைத்திருந்தால் அறுவை சிகிச்சை என்று காரணத்துக்கேற்ப மருத்துவம் மாறும். காரணத்தை அறிய முதல் படி விந்துப் பரிசோதனை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மருமகளை மட்டும் ஆண்டுக்கணக்கில் அலைய விடும் குடும்பங்கள் இதைச் செய்ய வேண்டும்: இரண்டு முதல் ஏழு நாள் உறவு இடைவெளிக்குப் பின் மகனை அந்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மருமகளுக்கு அடுத்த ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே அனுப்புங்கள்.