‘பிறகு’ வேறு, ‘ஆல்’ வேறு

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி நம் குடும்பக் குழுவில் நீ போட்ட ஆடியோவை மூன்று முறை கேட்டேன். “நான் ஒரு டாக்டர் பேசறேன்” என்று ஆரம்பிக்கிறது அந்தக் குரல். பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டதால் ஒரு பையனுக்கு வந்த பேச்சும் நின்றுபோயிற்றாம். யாரும் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள், எல்லாக் குழுவுக்கும் உடனே அனுப்புங்கள் என்று முடிகிறது. காலையில் உன் அக்கா போன் செய்தாள். “புதன்கிழமை குட்டிக்கு ஊசி. போடட்டுமா வேண்டாமா, அத்தை?” என்று கேட்டாள். ராத்திரி முழுக்கத் தூங்காத குரல்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா பிள்ளைமேல் இருக்கிற பாசத்தில்தான் அனுப்பினாய். ஆனால் 30 வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த ஆடியோவில் என் காது ஒரு சின்ன உருபில் போய் நின்றுவிட்டது. “போட்டதால்” என்கிறார் அவர். அந்த ‘ஆல்’.

மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது பிள்ளைகளிடம் இரண்டு வாக்கியங்களை எழுதிப் போடுவேன். ‘மழை பெய்த பிறகு சுவர் இடிந்தது.’ ‘மழையால் சுவர் இடிந்தது.’ முதல் வாக்கியம் எது முன்னால், எது பின்னால் என்று மட்டும் சொல்கிறது. இரண்டாவது வாக்கியம் தீர்ப்பே சொல்லிவிடுகிறது. தீர்ப்பு என்றால் விசாரணை நடந்திருக்க வேண்டும். சுவர் எத்தனை வருடத்துச் சுவர், அஸ்திவாரம் எப்படி, மழை பெய்யாத தெருவிலும் சுவர் இடிந்ததா என்று பார்த்திருக்க வேண்டும். இலக்கணப் பாடமாகத்தான் இதை அன்றைக்குச் சொன்னேன். உடம்பைப் பற்றி வரும் செய்தி ஒவ்வொன்றையும் இதை வைத்தே நிறுத்துப் பார்க்கலாம் என்பது பின்னால்தான் எனக்கே விளங்கியது.

இதை என் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உன் அப்பா யாராவது பேசினால் வலது பக்கமாகத் திரும்பிக் கேட்பதைப் பார்த்திருப்பாய். நான்கு வயதில் அவனுக்கு அம்மை போட்டது. தட்டம்மை. வாசலில் வேப்பிலைக் கொத்து செருகினார்கள். வீட்டில் தாளிக்கவில்லை. வெளியாட்கள் யாரும் உள்ளே வரவில்லை. மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடித்தும் அவனுக்குக் காதில் சீழ் நிற்கவில்லை. வாரக்கணக்கில் தலையணையெல்லாம் கறை. அதோடு இடது காது மந்தமாகிவிட்டது. அம்மை போட்ட பிறகு காது போனது, இது நான் கண்ணால் பார்த்தது. அம்மையால் போனது என்று நான் சொன்னால், “எப்படித் தெரியும் அத்தை?” என்று நீ கேட்க வேண்டும். பல வருடம் கழித்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் அவன் செவிப்பறையில் இருந்த பழைய ஓட்டையைப் பார்த்தார். நடுக்காதில் சீழ் பிடிப்பது தட்டம்மையை ஒட்டி அடிக்கடி வரும் கோளாறுகளில் ஒன்று என்று மருத்துவ உலகம் எண்ணிக் கண்டிருக்கிறது என்று விளக்கினார். அதன் பிறகுதான் நான் ‘ஆல்’ போட்டுப் பேச ஆரம்பித்தேன். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்ந்தது 1985-இல். உன் அப்பாவுக்கு அது பிந்திவிட்டது.

‘பிறகு’விலிருந்து ‘ஆல்’ வரைக்கும் எப்படி நடந்து போவது என்பதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்று ஒரு கண் மருத்துவர். 1941 வாக்கில், பிறக்கும்போதே கண்புரையோடு வரும் குழந்தைகளை அவர் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பார்த்தார். அம்மாக்களிடம் பேசியபோது, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தங்களுக்கு ரூபெல்லா வந்ததாகப் பலர் சொன்னார்கள். லேசான காய்ச்சலும் மேலெல்லாம் தடிப்புமாக வந்து நாலு நாளில் போய்விடும் நோய் அது. யாரும் அதைப் பொருட்படுத்தியதே இல்லை. கிரெக் அந்த அம்மாக்களின் ‘பிறகு’வைத் தள்ளிவிடவில்லை. அதை அப்படியே ‘ஆல்’ ஆக்கிவிடவும் இல்லை. மற்ற மருத்துவர்களுக்கு எழுதி அவர்கள் கண்டதையும் கேட்டு வாங்கினார். 78 குழந்தைகளின் விவரம் சேர்ந்தது. அதைக் கண் மருத்துவர்கள் கூடிய அவையில் வைத்தார். பலர் சந்தேகப்பட்டார்கள். பிறகு வேறு ஆட்கள், வேறு ஊர்களில் எண்ணிப் பார்த்தும் அதுவே வந்தது. கர்ப்பிணியைத் தாக்கும் ரூபெல்லாவால் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் கெடும் என்பது அப்படித்தான் உறுதியானது. இன்று உன் அக்கா பிள்ளைக்குப் போடும் ஊசியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் சேர்த்தே மருந்து இருக்கிறது.

இனி தவறான வழியில் போன கதை. நீ அனுப்பிய ஆடியோவுக்கு அதுதான் பாட்டன். 1998-இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற மருத்துவர், தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று ‘லான்செட்’ இதழில் கட்டுரை எழுதினார். அதில் இருந்தது 12 குழந்தைகள். ஊசி போட்ட பிறகு பிள்ளையின் நடத்தை மாறியது என்று பெற்றோர்கள் பலர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. அந்த ஊசி போடும் வயதும், பேச்சு பின்தங்குவது கண்ணில் படும் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊசியே இல்லாவிட்டாலும் அந்த வயதில்தான் அது தெரியவரும்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அதை வருடக்கணக்கில் ஊதின. பயந்துபோன பெற்றோர் ஊசியைத் தவிர்த்தார்கள். இங்கிலாந்தில் தட்டம்மை திரும்ப வந்தது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர்தான் ஆவணம் ஆவணமாகத் தேடி, ஊசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுக்கத் தயாரான வழக்கறிஞரிடம் வேக்ஃபீல்டு பணம் வாங்கியிருந்ததை 2004-இல் வெளியே கொண்டுவந்தார். 2010-இல் லான்செட் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் வேக்ஃபீல்டின் பெயர் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 6 லட்சத்து 57 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை. பயத்தைப் பரப்பியதும் செய்தித் துறைதான், உண்மையைத் தோண்டி எடுத்ததும் அதே துறையில் ஒரு மனிதர்தான். அதனால் ‘எல்லாச் செய்தியும் பொய்’ என்று உன்னை நான் சொல்ல விடமாட்டேன். பெயர் போட்டு, ஆவணம் காட்டி, பதில் சொல்லக் கடமைப்பட்டு எழுதுகிறவனுக்கும் முகம் காட்டாத குரலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊருக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தமிழ்நாட்டிலும் இன்னும் சில மாநிலங்களிலும் ஆரம்பமானது. 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் ஊசி. நான் அப்போது தலைமையாசிரியை. முகாமுக்கு முந்தின வாரமே வாட்ஸ்அப்பில் புரளி கிளம்பிவிட்டது. முகாம் அன்று வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. செங்கல் சூளையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “ஊசி போட்டு ஒரு பையன் செத்துட்டானாமே, டீச்சர்” என்று போனை நீட்டினார்.

வந்திருந்த சுகாதார செவிலியர் சண்டை போடவில்லை. “எந்த ஊருங்கண்ணே? சொல்லுங்க, இப்பவே போன் போட்டு விசாரிக்கிறேன்” என்றார். அந்தத் தகப்பனார் செய்தியை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஊர்ப் பெயரே அதில் இல்லை. அப்புறம் செவிலியர் நீலப் பெட்டியைத் திறந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவிலிருந்து திறக்காத குப்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு சின்ன வட்டம், வட்டத்துக்குள் வெளிறிய சதுரம். “மருந்து சூடுபட்டா இந்தச் சதுரம் கறுத்துப்போகும். வட்டத்து நிறத்துக்கு வந்துட்டா நாங்க தொடவே மாட்டோம்” என்றார். மருந்தைக் கரைத்தால் நேரத்தைக் குப்பியில் எழுதுவோம், நாலு மணி நேரத்துக்குமேல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார். ஒரு பிள்ளைக்குப் போட்ட சிரிஞ்சை மறுபடி இழுத்துக் காட்டினார். அது வரவில்லை, பூட்டிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் அன்றைக்குச் சரியென்று சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மகளை அவரே கூட்டிவந்தார். ஊசி போட்டு, இடது கட்டைவிரலில் மை வைத்து, அரை மணி நேரம் மரத்தடியில் மகளோடு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

விவரம் அறியாதவர் என்று அவரை நான் சொல்ல மாட்டேன். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு கைக்குழந்தைகள் இறந்தார்கள். அது புரளி இல்லை, நடந்தது. அதற்குப் பிறகு ஊருக்குள் வந்து போடும் ஊசியை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட ஏற்பாடு செய்தார்கள். மருந்து நல்லதாயிருந்தாலும் கையாளும் கை தவறினால் உயிர் போகும். அந்த நினைவு சனங்கள் மனதில் இருக்கிறது. கேள்வி கேட்கும் பெற்றோரை அதட்டினால் அவர்கள் ஆடியோவிடம் போவார்கள். உட்காரவைத்துப் பதில் சொன்னால் நம்மிடம் வருவார்கள். கேட்பது அவர்கள் உரிமை. பொறுமையாகச் சொல்வது நம் வேலை.

ஆனால் கேட்பது வேறு, பரப்புவது வேறு, கயல். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற புரளி வட மாவட்டங்களில் கைக்குக் கை ஓடிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்காகத் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போன ஒரு குடும்பம் வழியில் காரை நிறுத்தியது. 60 வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அவரை அடித்தே கொன்றது. அந்தப் புரளியை அனுப்பியவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு அனுப்பியிருக்க மாட்டார். எல்லாரும் பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அனுப்பினார்கள். அந்த வருடம் இதுபோல நாடெங்கும் பல உயிர்கள் போன பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. ஐந்து பேர் என்பதே கொஞ்சமில்லை.

இனி உடம்பைப் பற்றி ஒரு செய்தி வந்தால் இப்படிச் செய். முதலில், சொல்வது யார் என்று பார். ‘ஒரு டாக்டர்’ என்பது பெயரில்லை. நம் செய்திகளில் ‘கூறப்படுகிறது’ என்று ஒரு வினை அடிக்கடி வரும். வினைமுதலைத் தேடு. யார் கூறினார் என்று இல்லாவிட்டால் அங்கேயே நில். அடுத்து, எங்கே, எப்போது நடந்தது என்று பார். பிறகு அந்த ‘ஆல்’ எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடி. அதை எடுத்துவிட்டுப் ‘பிறகு’ போட்டுப் படித்துப் பார். ‘ஊசி போட்ட பிறகு பேச்சு நின்றது.’ இப்போது மனதில் கேள்வி எழுகிறதா? எத்தனை பேருக்கு? போடாத பிள்ளைகளில் எத்தனை பேருக்கு? எண்ணிப் பார்த்தவர் யார்? கடைசியாக, அந்தச் செய்தி உன்னை என்ன செய்யச் சொல்கிறது என்று பார். யோசிக்க விடாமல் ‘உடனே அனுப்பு’ என்று விரட்டினால் போனைக் கீழே வைத்துவிட்டு, பதில் தெரிந்த ஓர் ஆளிடம் நேரில் போய்க் கேள்.

ஊசியால் ஒன்றுமே ஆகாது என்றும் உன்னிடம் நான் சொல்ல மாட்டேன். ஏழு, பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரும், போய்விடும். கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது. அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள், அதற்கான மருந்தையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. தட்டம்மையோ, ஒருவர் அறையை விட்டுப் போய் இரண்டு மணி நேரம் வரைக்கும் காற்றில் நிற்கும் கிருமி. நூற்றில் 95 பேருக்காவது பாதுகாப்பு இருந்தால்தான் அது ஊரில் பரவாமல் நிற்கும். குட்டிக்குப் போடும் ஊசி, இன்னும் ஊசி போடும் வயது வராத பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் வேலி.

அக்காவிடம் “போடு” என்று மட்டும் சொல்லி போனை வைக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இவ்வளவும் உனக்கு எழுதினேன். இரண்டு வேலை செய். இன்றைக்கே குழுவில், “நான் விசாரிக்காமல் அனுப்பிவிட்டேன், யாரும் இதை அனுப்ப வேண்டாம்” என்று எழுது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. செய்தியை அனுப்பிய கைதான் அதைத் திரும்ப வாங்கவும் வேண்டும். புதன்கிழமை கல்லூரிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை, அக்காவோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொள். குப்பியைத் திறக்கும் முன்னால் அந்தச் சதுரத்தைக் காட்டச் சொல்லிக் கேள், காட்டுவார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் குட்டியை நீ மடியில் வைத்துக்கொள். ராத்திரி முழுக்கத் தூங்காத உன் அக்கா கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உன் அத்தை