வீடு வீடாக விற்பவரும் வெளிப்படுத்தல் சட்டமும்

மருதமுனைச் சாரனைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராக விற்றவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்களுக்குக் கடையும் இல்லை, விளம்பரமும் இல்லை. அடுத்த மாதமும் அதே வாசலுக்குப் போக வேண்டும் என்பதால் பொய் சொல்ல மாட்டார்கள். இன்று நம் பெண்களும் இளைஞர்களும் கம்பனிகளில் சேர்ந்து அழகுசாதனப் பொருட்கள், சத்துமா, நீர் வடிகட்டி என்று விற்கிறார்கள். இதைத்தான் நேரடி விற்பனை என்கிறோம். "எல்லா விபரத்தையும் முதலில் எழுதிக் கொடு" என்று அரசாங்கம் சட்டம் போட்டால் இவர்களுக்கு என்ன நடக்கும்? இதை இவ்வாரம் பார்ப்போம்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2006 ஏப்ரலில் ஒரு விதியை முன்மொழிந்தது. ஒருவரைத் தொழிலில் சேர்ப்பவர் எழுத்து மூல விபரம் கொடுத்து, 7 நாட்கள் கழிந்த பின்னரே பணமோ கையொப்பமோ வாங்கலாம். வருமானம் பற்றிப் பேசினால் ஆதாரம் காட்ட வேண்டும். தன் மீதுள்ள வழக்குகளையும், பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களின் கணக்கையும் சொல்ல வேண்டும். அருகில் ஏற்கனவே சேர்ந்த 10 பேரின் பெயர், தொலைபேசி எண்ணையும் கொடுக்க வேண்டும்.

குறி ஏமாற்றுக்காரர்கள்தான். ஆனால் வலையில் விழ இருந்தது சிறு தொகைக்கு மாதிரிப் பொருட்கள் வாங்கி விற்கும் வீட்டுப் பெண். ஆர்வத்தோடு வந்தவரை ஏழு நாள் காக்க வைத்தால் அவர் திரும்பி வருவாரா? பத்துப் பேரின் விபரத்தைக் கொடுத்தால் போட்டிக்காரன் அவர்களை இழுத்துக்கொள்ள மாட்டானா? இப்படி 17,000க்கும் மேற்பட்ட கருத்துக்கள் ஆணைக்குழுவுக்குப் போயின. 2008இல் விதி திருத்தப்பட்டது. 2012 மார்ச் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தபோது நேரடி விற்பனைக் கம்பனிகள் பெரும்பாலும் அதற்கு வெளியே இருந்தன. ஆனாலும் ஏமாற்றினால் தண்டிக்கும் பொதுச் சட்டம் அவர்களை விட்டுவிடவில்லை.

இந்தியா வேறு வழியில் சென்றது. 2021 டிசம்பர் 28இல் வெளியான விதிகளின்படி விற்பவர் அடையாள அட்டையின்றியும், முன் அனுமதியின்றியும் வீட்டுக்குப் போகக்கூடாது. தான் யார், எந்தக் கம்பனி, விலை என்ன, பொருளைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. நேர்மையான விற்பனையாளருக்கு இதில் நட்டம் இல்லை என்பது என் கருத்து.

நமது நாட்டில்

இங்கே வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்கிறது. தொடங்கியவரை மட்டுமல்ல, ஊக்குவித்தவரையும் விளம்பரம் செய்தவரையும் அது பிடிக்கும். "நான் சும்மா ஆள்தான் சேர்த்தேன்" என்று தப்ப முடியாது. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் வாடிக்கையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது.

பிரமிட்டை அடையாளம் காண ஒரு கணக்குப் போதும். ஒருவர் 6 பேரைச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள். ஆறாவது படியில் 46,656 பேர். ஒன்பதாவது படியில் ஒரு கோடிக்கு மேல். பத்தாவது படியில் ஆறு கோடி. இலங்கையின் சனத்தொகையே அவ்வளவு இல்லை. அப்படியானால் கடைசியில் சேர்ந்தவரின் பணம் எங்கே?

இந்தக் கணக்கைப் போடாமல் நானும் ஒருமுறை ஏமாந்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய், என் பெயரைச் சொல்லி நாலு பேரைச் சேர்த்துவிட்டேன். அதில் ஒருவர் அடுத்த தெரு ராத்தா. காப்பை அடகு வைத்துக் கட்டியிருக்கிறார். கம்பனி போய்விட்டது. "காக்கா, உங்கள நம்பித்தானே சேர்ந்தன்" என்று ஒரு நாள் கேட்டார். காப்பை நான் மீட்டுக் கொடுத்தேன். ஆனாலும் அந்தச் சொல் இன்னும் காதில் நிற்கிறது. ஒரு தாளில் விபரம் கேட்டிருந்தால் இருவரும் தப்பியிருப்போம்.

நாம் செய்ய வேண்டியவை

1. சட்டம் வருமுன்னே நீங்களே ஒரு தாள் எழுதுங்கள். உங்கள் பெயர், கம்பனி, விலை, பொருளைத் திருப்பி எடுக்கும் நிபந்தனை அதில் இருக்கட்டும்.

2. வருமானம் பற்றிக் கேட்டால் உங்கள் கொப்பியைக் காட்டுங்கள். பஸ் காசு, தொலைபேசிச் செலவு கழித்து மிஞ்சியதைச் சொல்லுங்கள். மேடையில் கார் சாவி வாங்கியவரின் கதை வேண்டாம்.

3. ஒவ்வொரு விற்பனைக்கும் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

4. இலாபம் பொருளில் இருந்து வருகிறதா, ஆள் சேர்ப்பதில் இருந்து வருகிறதா என்று பாருங்கள். ஆளில் இருந்து வந்தால் விலகுங்கள்.

5. இங்கும் இப்படி விதிகள் வரலாம். வந்தால் வர்த்தக சங்கத்தின் ஊடாக எழுத்தில் கருத்துச் சொல்லுங்கள். சிறு விற்பனையாளருக்கு நீண்ட படிவங்களும் காத்திருப்பு நாட்களும் சுமை. உண்மையான விலையும் வருமானமும் சொல்வது சுமையல்ல. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல நம்மை விடப் பொருத்தமானவர் யார்?

சாரன் விற்றவர்களுக்கு எந்தச் சட்டமும் விபரத்தாள் கேட்கவில்லை. சாயம் போகுமா என்று கேட்டால் போகும் என்றே சொல்வார்கள். அதனால்தான் மறுமாதமும் அந்த வாசல் அவர்களுக்குத் திறந்தே இருந்தது.