சேலையூரிலிருந்து கல்லமேடு வரை: அழிந்துபோன முதலை உறவை அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

முதலையின் பழைய உறவுகள் எல்லாம் ஆற்றங்கரையில் வாய் பிளந்து கிடந்தவை அல்ல. மடகாஸ்கரில் கிடைத்து, 2000-இல் பெயர் சூட்டப்பட்ட சிமோசூக்கஸின் நீளம் முக்கால் மீட்டர்தான். மொட்டை மூஞ்சி, தின்றது பெரும்பாலும் இலைதழை. அதன் பற்களை ஒத்த பற்கள் அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்திருப்பதாகப் புதைபடிவ ஆய்வாளர் ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் 2013-இல் எழுதினார்கள். அந்தப் பற்களை வைத்து எதுவரை பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும்? இந்தத் துறைக்கு வருபவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் அதுதான். தாம்பரம் அருகிலுள்ள சேலையூரில் இருந்துகொண்டே அதைத் தொடங்கலாம்.

படி 1: பாறையைப் படியுங்கள்

தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக் குன்றுகள் சார்னோக்கைட் என்னும் கருங்கல். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவானவை. அதில் எலும்பைத் தேடுவது வீண். நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் எடுத்ததும் மனிதர் செய்த கற்கருவி, புதைபடிவம் அல்ல.

புதைபடிவத்துக்குப் படிவுப் பாறை வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் படிவுகளில் கிரெட்டேசியஸ் காலத் தாவரப் பதிவுகள் உண்டு. ஊர்வனவற்றுக்கு அரியலூர் போக வேண்டும். அங்கும் எல்லா அடுக்கும் ஒன்றல்ல. அம்மோனைட் கிடைக்கும் அடுக்குகள் கடலடியில் படிந்தவை. கல்லமேட்டுப் படிவோ நிலத்தில் ஆறு கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும். கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டமான 7.2 முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. நிலத்தில் வாழ்ந்த விலங்கை நிலப் படிவில்தான் முதலில் தேட வேண்டும்.

படி 2: உயிருள்ள முதலையைப் பாருங்கள்

வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-இல் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். நோட்டில் மூன்றைக் குறியுங்கள்: மூக்குத் துளை எங்கே இருக்கிறது, வாய் மூடியபின் எந்தப் பல் வெளியே தெரிகிறது, முதுகுத் தகடுகள் எப்படி வரிசை கட்டியிருக்கின்றன.

முதலைக்கு மூக்குத் துளை மூஞ்சியின் நுனியில். ட்ரையாசிக் காலத்து ஃபைட்டோசாருக்கு அது கண்ணுக்கு அருகில். மற்றபடி பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. தோற்றத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவோம் என்பதற்கு இது நல்ல சான்று.

படி 3: அனுமதி வாங்குங்கள்

தாம்பரத்திலிருந்து கார்டு லைன் ரயிலில் அரியலூர் போகலாம். வயல் என்றால் உரியவரிடம், சுண்ணாம்புக்கல் சுரங்கம் என்றால் நிர்வாகத்திடம் கேட்காமல் கால் வைக்காதீர்கள். சாத்தனூர் கல்மரப் பூங்கா பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு சில்லைக்கூட எடுக்கக் கூடாது.

எதையாவது கண்டால் தொடும் முன் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். ஜிபிஎஸ் புள்ளி, அடுக்கின் நிறம், மண்ணின் தன்மை, தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு ஒரு பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கோ தெரிவியுங்கள். எந்த அடுக்கில் கிடைத்தது என்ற தகவல் இல்லாத எலும்பால் ஆய்வாளருக்குப் பெரிய பயன் இல்லை.

படி 4: சலித்து எடுப்பது

பெரிய எலும்பை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அறிவு பெரும்பாலும் சிறு துண்டுகளில்தான் ஒளிந்திருக்கிறது. ஆய்வாளர்கள் மூட்டை மூட்டையாக மண் எடுத்துக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, நுண்சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். முதலையினத்துக்கு வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல் அதிகம் கிடைக்கிறது.

படி 5: பல்லின் சொந்தக்காரர் யார்?

• சாதாரண முதலைப் பல்: கூம்பு வடிவம்; முன்னும் பின்னும் ஒவ்வொரு விளிம்பு; பெரும்பாலும் ரம்பம் இருக்காது.
• ஊனுண்ணி டைனோசரின் பல்: பக்கவாட்டில் தட்டையானது, பின்னோக்கி வளைந்தது, விளிம்பில் ரம்பம் இருக்கும்.
• சிமோசூக்கஸ் பல்: கிராம்பு போன்ற அமைப்பு, அகன்ற தலையில் வரிசையாகப் பல முனைகள்.

கல்லமேட்டுப் பற்கள் மூன்றாவது வகையை ஒத்தவை. ஆனால் பல்முனைப் பற்கள் தழை தின்னும் வேறு ஊர்வனவற்றிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. எனவே வடிவம் ஒத்துப்போனதும் உறவு உறுதி என்று சொல்லிவிட முடியாது.

படி 6: உறவு முறையில் வைப்பது

முழு மண்டையோடு கிடைத்தால், ஒவ்வொரு பண்பையும் எண்ணாக்கி அட்டவணை போட்டு, கணினியில் உறவு மரம் வரைவார்கள். பிற்காலத்தில் பிரிந்த குழுக்கள் பகிரும் புதுப் பண்புகளுக்கே மதிப்பு. எல்லா ஊர்வனவற்றுக்கும் பொதுவானவை ஒன்றையும் பிரித்துக் காட்டாது. சிமோசூக்கஸ் இவ்வழியில் நோட்டோசூக்கியா என்ற கிளையில் அமர்கிறது. இன்றைய முதலைகளின் நேர் மூதாதை அல்ல, பக்கத்துக் கிளை.

இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து சுமார் 8.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன. கல்லமேட்டுப் படிவு அதற்கும் பின்னால் வந்தது. இரு கரையிலும் ஒரே மாதிரிப் பற்கள் இருப்பது, பிரிவுக்கு முன்பே இருந்த பொது வம்சம் ஒன்றைச் சுட்டலாம். சில பற்கள் இவ்வளவு பெரிய கேள்வியைக் கிளப்புகின்றன.

படி 7: பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்

கல்லமேட்டுப் பற்களுக்குப் பிரசாத் குழு புதுப் பெயர் சூட்டவில்லை. சிமோசூக்கஸைப் போன்றது என்று நிறுத்திக்கொண்டது. அது கூச்சம் அல்ல, ஒழுங்கு. புதிய இனத்துக்குப் பெயர் வைக்க மூலமாதிரி ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டும். மற்றவற்றிலிருந்து வேறுபடுத்தும் பண்புகளை எழுதி வெளியிட வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? ஆய்வாளர் லைடெக்கர் 1885-இல் பாராசூக்கஸ் ஹிஸ்லோபி என்று ஒரு ஃபைட்டோசாருக்குப் பெயரிட்டார். ஆதாரம் சில துண்டுகள். அவற்றிலும் வேறு விலங்கின் எலும்பு கலந்திருந்தது. சங்கர் சட்டர்ஜி 1978-இல் கோதாவரிப் படுகையின் முழு எலும்புக்கூடுகளை விவரித்தார். அந்தப் பெயருக்குப் புது மூலமாதிரியைப் பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் ஆணையம் ஏற்றது 2003-இல்தான். கல்லமேட்டிலேயே கிடைத்து 1980-களில் பெயர் பெற்ற பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகள் பின்னர் உதிர்ந்தே போயின. அவை எதைச் சேர்ந்தவை என்று வந்த சந்தேகத்தைத் தீர்க்க இன்று மூல எலும்பே இல்லை.

தொடக்கத்துக்கு ஒரு திட்டம்

முதல் மாதம் வண்டலூர், வடநெம்மேலி. இரண்டாம் மாதம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் புதைபடிவங்கள். மூன்றாம் மாதம் நிலவியல் மாணவர் குழுவோடு அரியலூர். கிடைத்ததற்கு அடையாளச் சீட்டு எழுதும்போது தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுங்கள். ‘முதலையினப் பல், வகை தெரியவில்லை’ என்பது முழுமையான விடைதான். அடுத்து வருபவர் அதிலிருந்து தொடங்குவார்.