காலால் அடைகாக்கும் பறவை

அன்புள்ள மதி,

கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே மரத்தில் கூடு கட்டியிருந்த கூழைக்கடாக்களை நீ வாய் பிளந்து பார்த்தது நினைவிருக்கிறது. ஃபுளோரிடாவில், நான் இருக்கும் கடற்கரையில், அதன் உறவுக்காரப் பறவை ஒன்று உண்டு. பெயர் பழுப்புக் கூழைக்கடா. எட்டு வகைக் கூழைக்கடாக்களில் இதுதான் சிறியது. ஆனாலும் சிறகை விரித்தால் 2 மீட்டர் இருக்கும். கடலோரத்தை விட்டு உள்நாட்டுப் பக்கம் அதிகம் வராது.

நம் ஊர்ப் பறவை நீந்திக்கொண்டே மீனை அள்ளும். இது வானத்திலிருந்து விழும்! சில வேளை 20 மீட்டர் உயரத்திலிருந்துகூட. தண்ணீரைத் தொடும் நொடியில் உடலை இடப்பக்கம் திருப்பிக்கொள்ளும். கழுத்தின் வலப்பக்கம் ஓடும் மூச்சுக்குழாய்க்கு அடிபடக் கூடாதல்லவா? தோலுக்கடியில் இருக்கும் காற்றுப்பைகள் மோதலைத் தாங்கிக்கொள்ளும். பிறகு அலகுப் பையிலிருக்கும் தண்ணீரை வடித்துவிட்டு மீனை விழுங்கும். அதற்குள் கடற்காகம் ஒன்று அதன் தலைமேலேயே வந்து உட்கார்ந்து மீனைப் பறிக்கப் பார்க்கும்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதன் கால்களைப் பற்றி. கோழி வயிற்றுச் சூட்டில் அடைகாக்கும். இது தன் சவ்வுப் பாதங்களை முட்டைமேல் வைத்துச் சூடு கொடுக்கும். இந்தப் பழக்கமே ஒரு காலத்தில் அதற்கு வினையானது. டி.டி.டி. என்ற பூச்சிமருந்து கடலுக்குப் போய், மீனுக்குள் சேர்ந்து, மீனைத் தின்ற பறவைக்குள் இன்னும் பல மடங்காகச் சேர்ந்தது. அதனால் முட்டை ஓட்டில் சுண்ணச்சத்து சரியாகப் படியவில்லை; ஓடு மெலிந்தது. அடைகாக்க ஏறி நின்ற தாயின் கனத்திலேயே முட்டை நொறுங்கியது. கலிஃபோர்னியாவின் அனகாபா தீவில் 1970-இல் 500-க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தும் பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லூசியானா மாநிலம் 1966-இல் பழுப்புக் கூழைக்கடாவைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்தபோது, அங்கே இனப்பெருக்கம் செய்ய ஒரு பறவைகூட மிஞ்சியிருக்கவில்லை. பிறகு ஃபுளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டார்கள். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. ஓடு மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டது. 2009-இல் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலிலிருந்து இதன் பெயரை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த முறை கூந்தன்குளம் போனால் அலகை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதே. பாதத்தையும் பார். நான்கு விரல்களையும் ஒரே சவ்வு சேர்த்துப் பிடித்திருக்கும். அதை வரைந்து எனக்கு அனுப்பு.

உன் அத்தை