புதிதாகப் பொருத்திய பிராசஸர் இயங்காவிடில்

கணிப்பொறியில் புதிய பிராசஸரைப் பொருத்தியபின் விசிறி சுழன்றும் திரை ஒளிராதிருப்பின், பிராசஸரே பழுதென உடனே முடிவு செய்தல் தகாது. அதற்குரிய தனி மின்னிணைப்பு, மெமரி, மதர்போர்டின் பயாஸ் பதிப்பு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பின்னர் மின்சாரத்தைத் துண்டித்து, பிராசஸரை எடுத்து, உருப்பெருக்கியால் ஊசிகளை நோக்குதல் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகையில் 1331 ஊசிகள் பிராசஸரின் அடியிலேயே உள்ளன. 2022இல் வெளிவந்த ஏ.எம்.5 வகையில் 1718 ஊசிகள் மதர்போர்டின் சாக்கெட்டில் உள்ளன. ஓர் ஊசி வளைந்தாலும் மெமரியில் ஒரு பகுதி புலப்படாது போகலாம்.

ஊசிகள் செம்மையாயின், நன்கு இயங்கும் ஒத்த மதர்போர்டில் அப்பிராசஸரைப் பொருத்திச் சோதிக்கலாம். அங்கும் இயங்காவிடில் பழுது பிராசஸரிலேயே உள்ளது. இயங்கின் மதர்போர்டே ஐயத்திற்குரியது. ஊசி வளைந்த சாக்கெட்டில் நல்ல பிராசஸரை வைத்துச் சோதித்தல் கூடாது, அதுவும் கெடக்கூடும்.