தங்கவயலும் நுண்துகள் மின்கலமும்

மாணவர்களே! நாம் வாழும் கோலார் தங்கவயல் பொன்னுக்கு மட்டும் பெயர்பெற்ற ஊர் அன்று. இந்திய மின்சார வரலாற்றிலும் இதற்குச் சிறப்பிடம் உண்டு. நம் பாட்டனார்கள் உழைத்த சுரங்கங்களுக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது, அதைச் சேமிப்பதில் இருந்த சிக்கல் யாது, அச்சிக்கலுக்கு நானோ தொழில்நுட்பம் இன்று எவ்வாறு விடை தேடுகிறது என்பவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

காவிரி அனுப்பிய மின்சாரம்

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். சுரங்கத்தின் ஆழம் மிகுந்தோறும், ஊறும் நீரை இறைக்கவும், ஆட்களை இறக்கி ஏற்றவும், கல்லை நொறுக்கவும் ஆற்றல் மிகுதியாகத் தேவைப்பட்டது. நீராவி எந்திரங்களுக்கான எரிபொருட்செலவு நாளுக்கு நாள் உயர்ந்தது.

மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் இதற்கு ஒரு வழி வகுக்கப்பட்டது. காவிரியாறு சிவசமுத்திரத்தில் அருவியாக வீழ்கிறது. அந்நீரின் விசையால் சுழலிகளை இயக்கி மின்சாரம் ஆக்கினர். 1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்து தங்கவயலை அடைந்தது. அது அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்றாகும். பெங்களூரு நகரத் தெருக்கள் 1905ஆம் ஆண்டில்தான் மின்விளக்கைக் கண்டன.

சேமிப்பு என்னும் சிக்கல்

நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல மின்சாரத்தைக் கொட்டி வைக்க இயலாது. ஆக்கிய நொடியிலேயே அதைப் பயன்படுத்த வேண்டும். இல்லையேல் வேறொரு வடிவத்திற்கு மாற்றி வைக்க வேண்டும். கோடையில் காவிரி மெலிந்தால் மின்னாக்கமும் மெலியும். சுரங்கத்திற்கோ எல்லாப் பருவமும் ஒன்றே. மின்சாரம் நின்றால் நீரிறைப்பு நிற்கும். கூண்டு நடுவழியில் நிற்கும்.

எனவே, மின்சாரத்திற்கு மாற்றாக நீரைச் சேமிக்க மைசூர் அரசு முற்பட்டது. தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் முயற்சியால் 1911ஆம் ஆண்டில் கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் அணைப்பணி தொடங்கியது. பாசனத்தோடு, சிவசமுத்திர மின்நிலையத்திற்கு ஆண்டு முழுவதும் சீராக நீர் வழங்குவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வகையில் அந்த அணையும் ஒரு மின்கலமே எனலாம்.

இன்றும் சிக்கல் தீர்ந்தபாடில்லை. தும்கூரு மாவட்டத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்பூங்கா உள்ளது. ஆயினும் நாம் விளக்கேற்றும் மாலைப்பொழுதில் கதிரவன் மறைந்துவிடுகிறான். பகலில் ஆக்கிய மின்சாரத்தை இரவுக்கு வைத்துக்கொள்ள மலிவான, நெடுநாள் உழைக்கும் மின்கலம் வேண்டும். அதனை உருவாக்கும் முயற்சியில்தான் நானோ தொழில்நுட்பம் துணைநிற்கிறது.

தங்கக்கல் கற்பிக்கும் பாடம்

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஒன்று முதல் நூறு நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை ஆக்கிப் பயன்படுத்துவதே நானோ தொழில்நுட்பம்.

பொருளைச் சிறிதாக்குவதால் என்ன பயன்? விடை நம் ஊரிலேயே உள்ளது. பொன் இங்குக் கட்டியாகக் கிடைக்கவில்லை. பாறைக்குள் மிக நுண்ணிய துகள்களாகக் கலந்திருந்தது. பாறையை மாவுபோல் அரைத்த பின்னரே சயனைடு கரைசலில் இட்டுப் பொன்னைப் பிரித்தனர். ஏனெனில், கரைசல் தொட்ட பொன் மட்டுமே கரையும். அரைக்க அரைக்கப் பரப்பு மிகும். பரப்பு மிக மிகத் தொடுகை மிகும்.

இதனைக் கணக்கிட்டும் அறியலாம். பக்கம் ஒரு சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனைப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் உள்ள கனசதுரங்களாக வெட்டினால், ஆயிரம் துண்டுகள் கிடைக்கும். பரப்பு 60 சதுர சென்டிமீட்டராகும். பக்கம் ஒரு நானோமீட்டர் அளவுக்கு வெட்டினால் பரப்பு 6,000 சதுரமீட்டராகும். கைவிரல் நுனியளவுப் பொருளிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பு வெளிப்படுகிறது!

மின்கலத்தினுள் நுண்துகள்

தங்கவயல் தொழிலாளர் தலைக்கவச விளக்கிற்காக இடுப்பில் மின்கலம் கட்டிச் சென்றதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஈயமும் அமிலமும் கொண்ட அவ்வகை மின்கலம் கனமானது. இன்று கைப்பேசியில் உள்ளது எடை குறைந்த லித்தியம் அயனி மின்கலம். மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஒரு மின்முனையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்று தங்கும். பயன்படுத்தும்போது திரும்பி வரும்.

அவற்றின் மின்முனைகளுள் ஒன்றை லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் சேர்மத்தால் ஆக்கலாம் என்பதை, அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அது மலிவானது, எளிதில் தீப்பற்றாதது. ஆனால், அதனுள் மின்சாரம் எளிதில் பாயாது; அயனியும் மெல்லவே நகரும். துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்கி, மேலே கரிப்பூச்சு இட்டதும் அக்குறை நீங்கியது. துகளின் அளவு பத்தில் ஒன்றானால், அயனி அதனைக் கடக்கும் நேரம் நூறில் ஒன்றாகும். இன்று மின்பேருந்துகள் பலவற்றில் இவ்வகை மின்கலமே உள்ளது.

இத்துறையில் தமிழர் ஒருவரின் பங்கும் பெரிது. தென்தமிழ்நாட்டு அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம், குடினஃப்புடன் இணைந்து 1980களில் மின்முனைப் பொருள்களை ஆராய்ந்தார். 2019ஆம் ஆண்டில் குடினஃப்புக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் ஏற்புரைச் சொற்பொழிவை நிகழ்த்தியவர் மந்திரமே.

விரைந்து மின்னேற்றம் பெறும் மீத்திறன் மின்தேக்கியும் பரப்பையே நம்பியுள்ளது. தேங்காய் ஓட்டைச் சுட்டு, நானோ அளவுத் துளைகள் உண்டாகுமாறு பதப்படுத்திய கரி அதில் பயன்படுகிறது. அக்கரியின் ஒரு கிராமில் ஆயிரம் சதுரமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு அடங்கியுள்ளது.

மின்னாக்கத்திலும் நானோ

சேமிப்பில் மட்டுமன்றி, மின்சாரத்தை ஆக்குவதிலும் நுண்துகள்கள் உதவுகின்றன. வண்ணப்பூச்சில் கலக்கும் வெண்பொடியாகிய டைட்டேனியம் டை ஆக்சைடை நானோ துகள்களாக்கி, அதன்மேல் ஒளியை ஈர்க்கும் சாயத்தைப் படியச்செய்து, 1991ஆம் ஆண்டில் ஓரீகனும் கிரெட்செலும் புதுவகைச் சூரிய மின்கலத்தை அமைத்தனர். 2006ஆம் ஆண்டில் சோங் லின் வாங் குழுவினர், துத்தநாக ஆக்சைடின் நானோ கம்பிகளை வளைத்தால் மின்சாரம் பிறப்பதைக் காட்டினர். அதில் கிடைப்பது மிகச் சிறிதளவு மின்சாரமே. ஊருக்கு விளக்கேற்ற அது போதாது. நுண்ணிய உணரிகளை இயக்கவே இம்முறை ஆராயப்படுகிறது.

மேடுகள் தரும் எச்சரிக்கை

ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவுக்குப் பொன் தந்த சுரங்கங்கள், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. பொன் வெளியூர் சென்றது. அரைத்த மண் இங்கேயே தங்கியது. நாம் நாள்தோறும் காணும் சயனைடு மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுமண் குவிந்துள்ளது. காற்று வீசும்போது அதன் தூசி வீடுகளுக்குள் புகுகிறது.

கல்லை உடைத்தோர் நுரையீரலிலும் தூசி படிந்தது. 1940களில் இங்கு நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேல் சிலிக்கோசிஸ் நோய்க்கு ஆளாகியிருந்தனர். துகள் சிறிதாகச் சிறிதாக, நுரையீரலின் ஆழத்திற்குச் செல்லும் என்பதே அதற்குக் காரணம்.

நானோ துகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பயன்தரும் அதே நுண்மை, கவனமின்றிக் கையாண்டால் தீங்கும் தரும். பரப்பு மிகுவதால் மின்கலத்தினுள் வேண்டாத வேதிவினைகளும் மிகும். அவற்றால் மின்கலத்தின் ஆயுள் குறையும். மேலும், லித்தியமும் கோபால்ட்டும் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டித்தான் எடுக்கப்படுகின்றன. அங்கும் நம் பாட்டனார் போன்ற தொழிலாளர் இறங்குகின்றனர். ஆகவே, மின்கலம் எவ்வளவு ஆற்றலைச் சேமிக்கிறது என்று கேட்பதோடு, அதனைச் செய்தவர் நலமாக இருக்கின்றனரா, பழுதான பின் அது எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டும். பழைய மின்கலத்தைக் குப்பையில் எறியாமல் மறுசுழற்சிக்கு அளிப்பது நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய முதற்பணி.

பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆராய்ச்சி மையமும், தமிழ்நாட்டில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் ஆய்வு செய்கின்றன. நாளை அங்கு நுழையும் மாணவர் உங்களுள் ஒருவராக இருக்கலாம். நன்மையையும் தீமையையும் ஒருங்கே கண்ட ஊரிலிருந்து செல்பவர், ஆற்றலோடு பாதுகாப்பையும் சேர்த்தே எண்ணுவார் அல்லவா?

சொற்பொருள்

குதிர் – தானியம் சேமிக்கும் கலம்
சுழலி – நீர் அல்லது நீராவியின் விசையால் சுழலும் எந்திரம்
அயனி – மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி
மின்தேக்கி – மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் கருவி
உணரி – வெப்பம், அழுத்தம் முதலியவற்றை உணர்ந்து காட்டும் கருவி

பயிற்சி

அ. பிரித்து எழுதுக: மின்னாற்றல், அச்சிக்கல், நாள்தோறும், எரிபொருட்செலவு.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. தங்கவயலுக்கு முதன்முதலில் மின்சாரம் எங்கிருந்து, எந்நாளில் வந்தது?
2. கிருஷ்ணராஜசாகர் அணையை மின்கலம் எனக் கூறுவது ஏன்?
3. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் குறை எவ்வாறு நீக்கப்பட்டது?

இ. ஒரு பத்தி அளவில் விடை தருக.
பாறையை அரைத்துப் பொன் எடுப்பதற்கும், நானோ துகளால் மின்கலம் செய்வதற்கும் உள்ள ஒற்றுமையை விளக்குக.

ஈ. செய்து பார்ப்போம்.
ஒரே எடையுள்ள வெல்லக்கட்டி ஒன்றையும் பொடித்த வெல்லத்தையும் தனித்தனிக் குவளை நீரில் இடுக. எது விரைவில் கரைகிறது? காரணத்தைக் குறிப்பேட்டில் எழுதுக.

உ. கேட்டு எழுதுவோம்.
சுரங்கத்தில் பணியாற்றிய பெரியவர் ஒருவரிடம் விளக்கு, கூண்டு, தூசி ஆகியவை பற்றிக் கேட்டறிந்து, பத்துத் தொடர்களில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.